ஒரு ஹெரால்டு காரும் ஒரு கணக்குப்பிள்ளையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 1974–77 பி.காம். அணியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சற்றுச் சுருக்கி வெளியிடுகிறோம்.)

செயலாளர் போன் பண்ணி, "பழைய கார் புதுப்பிக்கிறதைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்க" என்று சொன்னபோது நான் தயங்கினேன். இந்த அரங்கில் மெக்கானிக்கல் படித்தவர்கள் இருக்கிறார்கள். சொந்தமாக ஃபவுண்டரி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நானோ பி.காம். ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் பேரேடு எழுதியவன். ஸ்க்ரூ டிரைவர் என்றால் மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்ற உதவும் பொருள் என்கிற அளவில்தான் என் ஞானம். ஆனால் செயலாளர் விடவில்லை. "தெரிஞ்சவங்க பேசினா மாணவர்களுக்குப் பயம் வந்துடும், நீங்க பேசினா தைரியம் வரும்" என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. (சிரிப்பு)

ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தச் சபையில் ஐந்து பேரிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊருக்கும் இந்தக் கிறுக்குக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஜி.டி. நாயுடு அவர்கள் 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வாலிப வயதில் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார் என்பது நம் வீடுகளில் எல்லோரும் கேட்ட கதை. வாங்கியவர் முதலில் செய்தது என்ன? ஓட்டவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டுப் பூட்டிப் பார்த்தார். பின்னால் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதும், தொழில்கள் தொடங்கியதும் எல்லாம் அந்தக் கழற்றலிலிருந்து வந்தவைதான். அவினாசி சாலையில் 2015-ல் திறந்த ஜிடி கார் மியூசியத்தை மாணவர்கள் ஒரு நாள் அவசியம் போய்ப் பாருங்கள். 1886-ம் வருஷத்து பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி வடிவம் அங்கே நிற்கிறது. பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்த கரிவர்தன் நம் ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் 2003-ல் வந்தது. இவர்களோடு என்னைச் சேர்த்துச் சொல்லிக்கொள்ள வரவில்லை. நம் ஊரில் ஒருவன் கார் டிக்கியில் தலையை விட்டுக்கொண்டு நின்றால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல வந்தேன்.

நான் ஓய்வு பெற்றது 2014-ல். முதல் ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. நான் சும்மா இருப்பது என் வீட்டுக்காரிக்குக் கஷ்டம். (சிரிப்பு) 2015 தை மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தேங்காய் விஷயமாகப் போனோம். அங்கே கட்டுத்தரை ஓரத்தில், தென்னை ஓலைக்கு அடியில், பச்சை நிறத்தில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஓலையை விலக்கினேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு மாடல். பின் சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாது. எங்கள் காலத்தில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தாவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம் சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோட்டி வரைந்த உடம்பு. அதையே 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னையில் தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின். பிறகு நம் நாட்டுக்கென்றே நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். 1980-களின் இறுதியோடு கம்பெனியின் கார் தயாரிப்பே முடிந்துபோனது. அம்பாசிடர் 2014 வரை தாக்குப்பிடித்தது என்பதால் அதற்கு இன்றைக்கும் ஸ்பேர் கிடைக்கும். ஹெரால்டுக்குத் தேடி அலைய வேண்டும்.

தோட்டத்துப் பாட்டியம்மாவிடம் விலை கேட்டேன். "எங்க ஊட்டுக்காரரு ஆசையா வாங்குனது சாமி. ஓட்டறதுக்குன்னா எடுத்துட்டுப் போ, ஒடைக்கிறதுக்குன்னா வேண்டாம். கோழிக்கு மட்டும் வேற எடம் பாக்கோணும்" என்றார். நாற்பதாயிரத்துக்கு முடிந்தது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைப் பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்குக் கிடைத்தது 1967 பதிவு. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வருவதற்கு முந்தியது. புத்தகம் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுகள் நான்கு பேர், ஒருவர் வெளிநாட்டில். அவர் கையெழுத்து வாங்கவே ஐந்து மாதம் ஆயிற்று. பெயர் மாற்றம், பதிவுப் புதுப்பிப்பு, வரி என்று நான் நடந்த நடையில் என் சர்க்கரை அளவு குறைந்தது. இப்போது இன்னொரு வழியும் உண்டு. 50 வருஷம் தாண்டிய, சேஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான். சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆயிற்று, பிறகும் ஏறியிருக்கிறது. எது தோது என்று வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள்.

கணக்கு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. வண்டிக்கென்று தனிப் பேரேடு போட்டேன். தொழில் புத்தி. உதிரிபாகம், கூலி, பெயிண்ட், போக்குவரத்து, இதர வகை என்று ஐந்து தலைப்பு. மூன்று லட்சம் தாண்டியதும் பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் போடுவதை நிறுத்திவிட்டேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் கூட்டாமல் விட்ட ஒரே பேரேடு அதுதான். (சிரிப்பு)

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் இறக்கினோம். இனி என் முட்டாள்தனங்களை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

வந்த முதல் வாரமே நான் பாட்டுக்குக் கழற்ற ஆரம்பித்தேன். கழற்றிய நட்டு, போல்ட்டு, வாஷர் அத்தனையையும் ஒரே பெயிண்ட் பக்கெட்டில் போட்டேன். எல்லாம் நட்டுதானே! மூன்றாம் வாரம் பக்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. அந்தக் குவியலைப் பிரிக்க இரண்டு மாதம். இப்போது மாத்திரை டப்பா, ஐஸ்கிரீம் டப்பா எதையும் எங்கள் வீட்டில் வெளியே எறிவதில்லை. ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டு. கழற்றும் முன் செல்போனில் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம்.

அடுத்தது ஸ்பேனர். கடையில் போய் ஒரு செட் வாங்கினேன். மில்லிமீட்டர் செட். இது பிரிட்டிஷ் வண்டி. எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு என்றால் 12.7 மில்லிமீட்டர். நான் 13-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டேன். பார்க்கப் பொருந்தின மாதிரியே இருக்கும். துருப்பிடித்த நட்டில் அழுத்தித் திருப்பினால் அந்தச் சின்ன இடைவெளியில் நழுவி நட்டின் மூலை மழுங்கிவிடும். பிறகு உளி வைத்து உடைப்பதைத் தவிர வழியில்லை. இப்படி ஒரு டஜன் போல்ட்டை நாசம் பண்ணிய பிறகுதான் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே அங்குல ஸ்பேனர் செட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 350 ரூபாய். கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பேட்டரியும் அப்படியே. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டினால் புகைதான்.

இந்தக் கட்டத்தில்தான் மேஸ்திரி வந்தார். எங்கள் செட் நண்பர் ஒருவர் தேடிப்பிடித்துக் கொடுத்தார். 1970-களில் ஸ்டாண்டர்டு கார் டீலர் பட்டறையில் பையனாகச் சேர்ந்து ஹெரால்டிலேயே தொழில் படித்தவர். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பதால் மேஸ்திரி என்றே சொல்கிறேன். வந்தவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பானெட்டைத் திறந்தார். ஹெரால்டில் பானெட் மட்டும் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முகமே முன்னால் கவிழும். எஞ்சின் மொத்தமும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டர் பார்க்கலாம். பாடியும் தனி, சேஸ் தனி. போல்ட்டுப் போட்டுப் பிணைத்திருப்பார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பேன். மேஸ்திரி டயர் மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "ஏனுங்க சார், இது ஓட்டறதுக்குங்களா, போட்டோ எடுக்கறதுக்குங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டறதுக்குத்தான்" என்றேன்.

"அப்படின்னா நிக்கிறதுக்கு உண்டானதை முதல்ல பாப்போம். ஓடறதுக்கு உண்டானது அடுத்தது. மினுக்கறது கடைசிங்க."

மொத்தப் பாடமும் அவ்வளவுதான். பிரேக், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் முதலில்; எஞ்சினும் ஒயரிங்கும் அடுத்தது; டிங்கரிங், பெயிண்ட், சீட் தையல் கடைசி. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு வருவார். வேலை அவர் செய்ய மாட்டார், என்னைச் செய்ய வைப்பார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இன்னும் கால் திருப்பு... போதுங்க" என்பார். என் கையில் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. அதற்கு முன் அந்த வேஸ்டுக்கு இவ்வளவு உபயோகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா என்று நான் துடித்தேன். மேஸ்திரி பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, நான்கு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் மூடி வைத்தார். அடுத்த ஞாயிறு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினோம். மூன்றாம் ஞாயிறு 'களுக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் அசைந்தது. என் பெண் பிறந்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை என்பது என் வீட்டுக்காரியின் குற்றச்சாட்டு. அதற்கு முன்பே சாவியைத் திருப்பியிருந்தால் பிஸ்டன் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறியிருக்கும்.

பிரேக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் போனாலும் மொத்த பிரேக்கும் போச்சு. ஆகவே ரப்பர், ஹோஸ் அத்தனையும் புதிது. "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்கிற பேச்சே கிடையாது. பிரேக் ஆயில் இருக்கும் இடத்தில் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் ரப்பர் உப்பிவிடும். பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி அந்த ஐந்து பேர் விஷயம்.

2017-ம் வருஷம் எங்கள் செட் வெளியே வந்து 40 வருஷம். வண்டிக்கோ 50. டிசம்பரில் சந்திப்பு என்று அறிவிப்பு வந்ததும் எனக்கு ஒரே வெறி. ஹெரால்டிலேதான் கல்லூரி கேட்டுக்குள் நுழைவேன் என்று. எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது. ஆகஸ்டில் மேஸ்திரியிடம், "பெயிண்டுக்கு விட்டுடலாமா?" என்றேன்.

"பெயிண்டுக்கு என்னங்க அவசரம்? முன்னால இன்னும் ட்ரன்னியன் தொறக்கலீங்களே."

ட்ரன்னியன் என்றால் என்னவென்று நம் வணிகவியல் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். முன் சக்கரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்புத் தண்டு. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி இறங்கியிருக்கும். அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்டு அந்த மரைக்குள் திரும்பும். வண்டியின் முன்பாரம் முழுக்க அந்த மரையில்தான். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில், 90-ம் நம்பர் ஆயில்தான் போட வேண்டும் என்பது தயாரித்தவர்களே கையேட்டில் எழுதிய விதி. பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் போலவே இருக்கும்; எல்லாப் பட்டறையிலும் கிரீஸே அடித்தார்கள். கிரீஸ் அடிவரை இறங்காது, வருஷக்கணக்கில் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகும். ஓரத்தில் தண்ணீர் புகும். உள்ளே மரை துருப்பிடித்து இளைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் முழுதும் இறக்க வேண்டும். இரண்டு மாத வேலை. இங்கிலாந்திலிருந்து சாமான் வர வேண்டியிருக்கலாம். எனக்கு டிசம்பர் இருக்கிறது. மேஸ்திரிக்கு அந்தச் சமயம் வீட்டில் விசேஷம். மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கிரீஸ் கன் எடுத்து இரண்டு பக்கமும் நன்றாகக் கிரீஸ் அடித்தேன். பழைய கிரீஸ் கொஞ்சம் பிதுங்கி வந்தது. வேலை முடிந்தது என்று பெயிண்ட் கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர் வந்து, "தொறந்தீங்களா சார்?" என்றபோது, "எல்லாம் பண்ணியாச்சு" என்றேன். பொய். முப்பத்தாறு வருஷம் ஆடிட்டருக்குக்கூடச் சொல்லாத பொய்.

டிசம்பர் சந்திப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிர் பச்சை, மேலே வெள்ளை. அத்தனை பேரும் போட்டோ. நீங்கள் ஐந்து பேரும் அடித்துப் பிடித்து ஏறினீர்கள். என்னோடு ஆறு, அந்த வண்டி நான்கு பேருக்கானது. கேட்டுக்கு வெளியே போய், அவினாசி ரோட்டில் காபி சாப்பிட்டுத் திரும்பினோம். யாரோ, "இன்னும் கொஞ்சம் மிதிப்பா" என்று கத்த, நானும் அறுபது வரை மிதித்தேன்.

பதினெட்டு நாள் கழித்து, பொங்கல் விடுமுறையில், மனைவியையும் நான்கு வயதுப் பேரனையும் ஏற்றிக்கொண்டு பேரூர் கோயிலுக்குப் போனேன். தரிசனம் முடிந்து, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வெளியே எடுத்து இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். 'டக்' என்றது. வண்டி இடது தோளில் விழுந்தது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது, கால் சுளுக்கிய மாடு மாதிரி. தண்டு ட்ரன்னியனுக்குச் சற்று மேலே துண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் முக்கால் பாகம் பழைய துரு. கால் பாகம்தான் புது இரும்பின் வெளுப்பு. அந்தக் கால் பாகத்தின் மேல்தான் அவினாசி ரோட்டில் நாம் ஆறு பேர் அறுபதில் போனோம்.

அன்று வேகம் பத்துகூட இருக்காது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேரன், "தாத்தா, இன்னொரு தடவை" என்றான். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோ பிடித்துப் பேரனை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். வந்தார். குனிந்து முறிவைப் பார்த்தார். உள்ளே இருந்த புதுக் கிரீஸை விரலில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "பெயிண்டு நல்லா வந்துருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, அந்த ஐந்து பேரிடமும் இத்தனை வருஷமாக இதைச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அந்தப் போட்டோவைப் போடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். இன்று சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு வருஷம் வண்டி ஜாக்கி ஸ்டாண்டு மேல் நின்றது. ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மேஸ்திரிதான் ஒரு ஞாயிறு வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கழட்டுங்க" என்றார். வலது பக்கத்தைத் திறந்தோம். அதுவும் பாதி தின்றிருந்தது.

இதில் நல்ல செய்தி ஒன்று. இங்கிலாந்தில் டிரையம்ப் வண்டிக்காரர்கள் இன்னும் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். ஹெரால்டின் முன்பக்கச் சாமான்கள் பல, அவர்களுடைய ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொது. அதனால் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தண்டும் ட்ரன்னியனும் அங்கிருந்து வரவழைத்தேன். உயிர் தாங்கும் சாமானை உள்ளூரில் ஒப்பேற்ற வேண்டாம் என்பது மேஸ்திரி கட்டளை. மற்றதுக்கெல்லாம் நம் ஊரை மிஞ்ச ஆள் இல்லை. புஷ், பின், வாட்டர் பம்ப் ஷாஃப்ட் எல்லாம் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். மாதிரியைக் கையில் கொடுத்தால் போதும், டீ ஆறுவதற்குள் அளவு எடுத்து முடித்துவிடுவார்கள். கிடைக்காத சின்னச் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. அங்கே போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் வர்ணித்தால் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள்.

2019-ல் வண்டி மறுபடியும் தரையில் இறங்கியது. இப்போது ஒரு புதுத் தலைவலி. 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுக்கப் பங்குகளுக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் எத்தனாலைத் தாங்காது, இளகும், விரியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்க் உள்ளே துரு. நான் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். டேங்கில் பெட்ரோலைத் தேங்க விடுவதில்லை. பெட்ரோல் வாசம் வந்தால் ஓட்ட வேண்டாம், முதலில் பானெட்டைத் திற என்பது என் வீட்டுச் சட்டம். தீயணைப்பு உருளை ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

மாணவர்கள் கேட்கலாம், ஹெரால்டுக்கு எங்கே போவது, காசுக்கு எங்கே போவது என்று. கார் வேண்டாம். வீட்டில் தாத்தாவின் பழைய மொபெட் கிடக்கும், மோட்டார் சைக்கிள் கிடக்கும். அதன் கார்புரேட்டர் ஒன்றைக் கழற்றிக் கழுவிப் பூட்டிப் பாருங்கள். அதற்கு ஒரு ஞாயிறும், நூறு ரூபாய் பெட்ரோலும், அம்மாவிடம் திட்டும் போதும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மேஸ்திரிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று, இன்னொன்றுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். விரல் வைத்தாலே போல்ட் எந்த அளவு என்று சொல்லுவார். ஆனால் சின்ன ஜெட்டின் துளை அவருக்குத் தெரிவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் மூன்று நோட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறேன். எழுத்தில் பாதிதான் வருகிறது, மீதி கையில் இருக்கிறது. எனக்கும் அறுபத்தொன்பது நடக்கிறது. கண் நன்றாகத் தெரிகிற, கை அழுக்காவதில் வருத்தமில்லாத மூன்று பிள்ளைகள் வேண்டும். பெண் பிள்ளைகளும் வரலாம். என் பேத்திதான் இப்போது பாயிண்ட் செட் வைக்கிறாள். ஞாயிறு காலை ஏழு மணி. பழைய சட்டை போட்டு வாருங்கள். காலை டிபன் எங்கள் வீட்டில். சங்க அலுவலகத்தில் என் விலாசம் இருக்கிறது.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. அன்றைக்கு ஏறிய ஐந்து பேரும் மறுபடி ஒரு ரவுண்டு வருவதென்றால் வரலாம். இந்தத் தடவை இரண்டு நடை, ஒரு நடைக்கு மூன்று பேருக்கு மேல் கிடையாது. ட்ரன்னியனுக்கு ஆயில் போட்ட தேதிகளை எழுதிய நோட்டு டேஷ்போர்டில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்து. ஏறுவதற்கு முன் கேட்டு வாங்கிப் பாருங்கள்.